ஒரு நாட்டையே எடை போட்ட எழுத்தாளர்!

ஒரு நாட்டோட எடை எவ்வளவு இருக்கும்? ஜப்பான்ல ஒரு நாவலாசிரியர் கால்குலேட்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இதைப் போட்டுப் பார்த்திருக்காரு. எதுக்கு? அந்த நாட்டைக் கடல்ல முழுக்கறதுக்கு!

வணக்கம் மக்களே. இன்னிக்கு நம்ம ஹீரோ சாக்யோ கோமாட்சு.

பயோடேட்டாவை ஒரே மூச்சுல சொல்லிடறேன், ஓட்டி விட்டுடாதீங்க. 1931-ல ஒசாகாவுல பிறந்தாரு. கியோட்டோ பல்கலைக்கழகத்துல இத்தாலிய இலக்கியம் படிச்சாரு. பத்திரிகை வேலை, ரேடியோவுக்கு காமெடி ஸ்கிரிப்ட்டுன்னு என்னென்னவோ பண்ணியும் கையில காசு நிக்கல. ஒரு கட்டத்துல வீட்டு ரேடியோவும் போச்சு. மனைவிக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? ரேடியோவுக்குப் பதிலா, அவங்க படிக்கறதுக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா ஒரு கதை எழுதிக் குடுத்தாரு. இரும்பைத் தின்னு வாழற ஒரு கூட்டத்தோட கதை! அதுதான் 1964-ல 'ஜப்பானிய அப்பாச்சிகள்'னு நாவலா வந்துச்சு. நமக்கு டிவி ரிப்பேர்னா மெக்கானிக்கு நம்பர்தான் ஞாபகம் வரும்.

சரி, எடை மேட்டருக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அதே 1964-ல 'ஜப்பான் மூழ்குகிறது' நாவலை ஆரம்பிச்சாரு. முடிக்க 9 வருஷம்! ஏன்னா நிலம் சும்மா முழுகாது. நம்ம காலுக்குக் கீழே இருக்கற மேலோடு, அதுக்கும் கீழே இருக்கற மாண்டில்ங்கற பாறை அடுக்கைவிட லேசு. தண்ணியில மிதக்கற கட்டை மாதிரி. அமுக்கினா மேலே வரும். அப்போ அமுக்கறது யாரு? எவ்வளவு பலம் வேணும்? கணக்கு உதைச்சா கதையும் உதைக்குமேன்னு அவருக்குக் கவலை.

நானும் ஒரு பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். ஜப்பானோட பரப்பு சுமார் 3,78,000 சதுர கிலோமீட்டர். மேலோட்டுக்கு 30 கிலோமீட்டர் தடிமன்னு வெச்சுக்குவோம். ஒரு கனமீட்டர் பாறை 2.8 டன். பெருக்கினா 32 போட்டு பக்கத்துல 15 சைபர். அத்தனை டன்! என் போன் கால்குலேட்டரே திணறிடுச்சு. பூமியோட மேற்பகுதி பெரிய பெரிய பாறைத் தட்டுகளா இருக்கு, அந்தக் கண்டத்தட்டுகள் நகருதுங்கற கொள்கையே அப்போதான் சூடா வந்துட்டிருந்த காலம். அதைப் படிச்சுப் படிச்சு கதைக்குள்ள இறக்கினாரு.

1973-ல புத்தகம் வந்துச்சு. ரெண்டு பாகமும் சேர்ந்து 30 லட்சத்துக்கு மேல வித்துச்சு. டிசம்பர்லயே படமும் ரிலீஸ்.

ஆனா இதைப் பேரழிவுக் கதைன்னு மட்டும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டாம் உலகப் போர் முடியறப்போ கோமாட்சுவுக்கு 14 வயசு. 'நாட்டுக்காக மொத்த ஜனமும் சாகணும்'னு அரசாங்கம் முழங்குனதைக் காதால கேட்டு வளர்ந்த பையன். நாவல்ல அதை அப்படியே திருப்பிப் போட்டுட்டாரு. இங்க சாகறது மண்ணு. ஜனங்களைக் கப்பல்லயும் விமானத்துலயும் ஏத்திக் காப்பாத்தறதுதான் அரசாங்கத்தோட வேலை. அப்புறம் மண்ணில்லாத ஜப்பான்காரன் யாரு? அவர் எழுத நினைச்சதே அதைத்தான். முழுகினது வெறும் முன்கதை!

அதனாலதான் நாவல் முடியற இடத்துல 'முதல் பகுதி முடிந்தது'ன்னு போட்டிருந்தாரு. ரெண்டாவது பகுதி? வாசகர்கள் 33 வருஷம் காத்திருந்தாங்க. நடுவுல 1995-ல கோபே நகரத்துல நிஜ நிலநடுக்கமே வந்துட்டுப் போயிடுச்சு. இடிபாடுகளுக்கு நடுவுல அதைப் பத்தியும் எழுதினாரு. கடைசியா 2006-ல, கோஷூ தானிங்கற எழுத்தாளரோட சேர்ந்து அந்தப் பாக்கியைத் தீர்த்தாரு. 2011 ஜூலையில காலமானாரு.

நீங்க பாதியில விட்டு வெச்சிருக்கற வேலை எத்தனை வருஷப் பழசு? கமென்ட்ல போடுங்க. 33-ஐத் தாண்டினவங்க கமென்ட்டை மேலே பின் பண்ணி வைக்கறேன்.