கேமரா பெட்டிக்குத் தனிக் காசு கட்டலாமா?

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் தொண்டி. கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் கரு வளர்க்கிற வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பன், மண்டபம் பக்கத்துத் தம்பதிகள் நிறைய வருவார்கள். புருஷன் கரையில் இருக்கும்போதுதானே இரண்டு பேரும் சேர்ந்து மதுரைக்கு பஸ் ஏற முடியும்? கையில் காசு இல்லாத காலமும் அதுதான். "கேமரா பெட்டிக்குத் தனியா பணமாமே மேடம், கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்த பிறகு, கருவை 37 டிகிரி சூட்டில் இன்குபேட்டரில் ஐந்து நாள் வரை வளர்ப்போம். முன்பெல்லாம் நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதோடு சரி. ராத்திரி உள்ளே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? கேமரா பெட்டி என்கிறது டைம்லாப்ஸ் இன்குபேட்டரை. அதில் கேமரா உள்ளேயே இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு படம். திறக்க வேண்டியதே இல்லை. சுமார் 27 மணி நேரத்தில் கரு இரண்டு செல்லாகும், 44 மணி வாக்கில் நான்கு. சில கரு ஒன்றிலிருந்து நேரே மூன்றாகப் பிரிந்துவிடும். மறுநாள் காலையில் மட்டும் பார்த்தால் அது நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்! அப்படிப்பட்டதை வரிசையில் பின்னால் தள்ளுவோம். எனக்கு இந்தப் பெட்டி ரொம்பப் பிடிக்கும், மறைக்கவில்லை.

ஆனால் குழந்தை பிறப்பது கூடுகிறதா? 2024இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 7 மையங்கள், 1,575 பேர். கேமரா படத்தை வைத்துக் கரு தேர்ந்தெடுத்தவர்களில் 33.7 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வழக்கமான முறையில் 33.0. கருவை அதே பெட்டியில் வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு 36.6. இந்த வித்தியாசங்கள் தற்செயலாகவே வரக்கூடியவை என்றுதான் கணக்கு சொன்னது.

படகில் எக்கோ சவுண்டர் மீன் கிடக்கும் இடத்தைக் காட்டும், இல்லாத மீனைக் கொண்டு வராது. இதுவும் அப்படித்தான். எந்தக் கருவை முதலில் கர்ப்பப்பையில் வைப்பது என்று வரிசையைத்தான் மாற்றுகிறது. முட்டையின் தரமும் பெண்ணின் வயதும் முன்பே முடிவு செய்ததை கேமரா மாற்றாது. குரோமோசோம் கோளாறும் படத்தில் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தெரிந்தாலும் அப்படித் தேர்ந்தெடுப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதைக் கேட்பது பெரும்பாலும் மாமியார்தான்.

மையத்தில் எல்லோருக்கும் அந்தப் பெட்டிதான், தனிக் கட்டணம் இல்லை என்றால் நல்லது, ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால், "எங்களுக்கு எத்தனை கரு தேறும்?" என்று முதலில் கேளுங்கள். ஒன்றே ஒன்று என்றால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? நாலைந்து தேறினால் மிச்சத்தை உறையவைக்க அந்தப் பணம் உதவும். கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. உறைந்த கருவை வைக்கப் புதிதாக விந்தணு தேவையில்லை. அதனால் அந்த நேரத்தில் புருஷன் ஊரில் இருக்க வேண்டியதில்லை. அவருடைய ஒப்புதல் கையெழுத்தை மட்டும் எப்படித் தருவது என்று, விமானம் ஏறும் முன்பே மையத்தில் பேசி வைத்துவிடுங்கள்.