12-ம் வசனத்தோட நிறுத்திட்டேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். சத்தம் சரியா கேக்குதான்னு கீழ சொல்லிடுங்க. பாலத்து மேல காட்பாடி பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது. மணி காலையில ஆறு. விருதம்பட்டு பக்கம் பாலாத்துக் கரையில நிக்கிறேன். எட்டு மணிக்கு மேல நம்ம வேலூர் வெயில்ல நின்னு பேசினா நானும் கருவாடு, போனும் கருவாடு. அதுவுமில்லாம இன்னைக்கு ஒண்ணாம் தேதி. எனக்கு ஒரு வீட்டுக்குப் போகணும். அத பின்னாடி சொல்றேன்.

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. "அக்கா, வீட்ல ரொம்ப கஷ்டம். ஒரு முடிவு எடுத்தே ஆகணும். ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன். இதுதான் தேவசித்தம், கடவுளோட விருப்பம்னு எப்படிக்கா தெரிஞ்சிக்கிறது?" மூணு தடவ பதில் எழுதி மூணு தடவ அழிச்சேன். வசனம் போட்டு முடிச்சிருக்கலாம்தான். ஆனா நான் இந்தப் பாடத்த ஒரு லட்ச ரூபா ஃபீஸ் கட்டிப் படிச்சவ. அதச் சொல்லாம வசனம் மட்டும் அனுப்பினா நல்லா இருக்காது.

எங்க வீட்டுக்காரர் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல இருந்தாரு. காட்பாடியில ரயில் ஏறிப் போயி ராத்திரி வருவாரு. 2020-ல லாக்டவுன், வெளிநாட்டு ஆர்டர் நின்னுபோச்சு, ஆள் குறைச்சாங்க. அதுல இவரும் ஒருத்தர். பி.எஃப் பணம், கணக்கு முடிச்ச பணம் எல்லாம் சேர்த்து கையில ரெண்டு லட்சம் வந்துச்சு. நான் பிளவுஸ் தைக்கிறவ. ஊரே வீட்டுக்குள்ள இருந்தா எவ புது பிளவுஸ் போடுவா?

அப்பத்தான் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வந்தாரு. "சிஸ்டர், ஒரு லட்சம் போட்டா மாசா மாசம் எட்டாயிரம். என் தம்பி வாங்கறான், என் மச்சான் வாங்கறான்." பேரு ஊரெல்லாம் வேணாம். கேஸ் நடக்குது.

நான் சும்மா போய்ப் போடலைங்க, ஜெபம் பண்ணேன். மூணு நாள் உபவாசம் இருந்தேன். வேதத்துல கிதியோன், கடவுள் சொன்னது உறுதிதானான்னு ஆட்டுத்தோல் போட்டுப் பார்த்தாரு இல்ல, அது மாதிரி நானும் ஒரு அடையாளம் கேட்டேன். "ஆண்டவரே, நாளைக்குக் காலையில யாராவது என்கிட்ட பணத்தப் பத்திப் பேசினா அதுதான் உங்க பதில்." காசே இல்லாத வீட்ல காலையில யாரு பணத்தப் பத்திப் பேசமாட்டாங்க சொல்லுங்க! ஆறரை மணிக்குப் பால்காரர் பாக்கி கேட்டாரு. நான் அல்லேலூயா சொன்னேன். அந்த மனுஷன் பயந்துட்டாரு.

அப்புறமும் ஒரு உறுதி வேணும்னு கண்ண மூடிக்கிட்டு வேதத்தத் திறந்து விரல வச்சேன். ஆதியாகமம் 26, 12-ம் வசனம். ஈசாக்கு அந்தத் தேசத்துல விதை விதைச்சான், அந்த வருஷமே நூறு மடங்கு பலன் அடைஞ்சான். நூறு மடங்கு! எட்டாயிரமெல்லாம் எம்மாத்திரம். அன்னைக்கே போயி ஒரு லட்சம் கட்டிட்டு வந்தோம்.

கணக்கு சுத்தமா சொல்லணும்னா, மூணு மாசம் எட்டாயிரம் வந்துச்சு. நாலாவது மாசம் ஆபீஸ் கதவுல பூட்டு. ஆக போனது 76,000.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க அத்தை வந்தாங்க. அப்பா கூடப் பிறந்தவங்க, ரிட்டையர்டு நர்ஸ், இப்ப பாகாயத்துல இருக்காங்க. நான் அழுதுகிட்டே உபவாசம், பால்காரர், நூறு மடங்கு எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. அப்புறம், "ஜெபம் பண்ண, சரி. கூட்டிப் பாத்தியா?" அப்படின்னாங்க.

பையிலிருந்து ஒரு காணிக்கை கவர் எடுத்து, அது முதுகுல பால்பாயிண்ட் பேனாவால எழுதுனாங்க. எட்டாயிரம் இன்ட்டு பன்னெண்டு, தொண்ணூத்தாறாயிரம். "இன்னாடி இது? வருஷத்துக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு வட்டி. எவன் இன்னா வியாபாரம் பண்ணி இத உனக்குக் குடுப்பான்?" அந்தக் கவர் இன்னும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு, வேதவசனம் போட்ட வாக்குத்தத்த அட்டைக்குப் பக்கத்துலயே. தோ பாருங்க, போட்டோ காட்றேன். 96,000-க்குக் கீழ ரெண்டு கோடு, பேனா பேப்பரக் கிழிச்சிடுச்சு. அவ்வளவு கோவம் அத்தைக்கு.

டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியே வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல வட்டி கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் அத அப்புறம்தான் தெரிஞ்சிக்கிட்டேன். யாருக்கு அனுமதி இருக்குன்னு பார்க்க ரிசர்வ் வங்கியே 'சச்சேத்'னு ஒரு இணையதளம் வச்சிருக்கு. இதெல்லாம் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். நான் மூணு நாள் சாப்பிடாம இருந்தேன், அந்த அஞ்சு நிமிஷம் பார்க்கல. பணம் போட்டு ஏமாந்தவங்க இத கேட்டுட்டு இருந்தீங்கன்னா, வெட்கப்பட்டுக்கிட்டு வீட்ல உக்காராதீங்க. பொருளாதாரக் குற்றப்பிரிவுல புகார் கொடுங்க. இந்த மாதிரி கம்பெனிங்க சொத்த முடக்கி, பணம் போட்டவங்களுக்குத் திருப்பித் தர்றதுக்குன்னே தமிழ்நாட்டுல 1997-ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. நாங்க கொடுத்தாச்சு. பணம் இன்னும் வரல. வரும்போது வரட்டும்.

இருங்க, லாரி ஒண்ணு போகட்டும்... சரி.

ரொம்ப நாள் நான் அந்த ஆதியாகமம் 26-அத் திறக்கவே இல்லங்க. கோவம். யாரு மேலன்னு கேக்காதீங்க. ஒரு நாள் உக்காந்து முழு அதிகாரத்தையும் படிச்சேன். முதல் வசனமே பஞ்சம்! பஞ்சத்துல எகிப்துக்குப் போகாதன்னு கர்த்தர் சொல்றாரு. ஈசாக்கு அங்கயே தங்கி, விதைக்கிறான். மண்ணக் கிண்டி விதைச்சான், யார்கிட்டயும் கொண்டுபோய்க் கொடுக்கல. அதுக்கப்புறம் இன்னா நடக்குதுன்னா, ஊர்க்காரங்களுக்குப் பொறாமை. ராஜாவே கூப்பிட்டு "போயிடு"ங்கறான். பள்ளத்தாக்குக்குப் போறான். அப்பன் வெட்டுன கிணத்தையெல்லாம் தூர்த்து வச்சிருக்காங்க, மறுபடி தோண்டறான். புதுசா ஒரு கிணறு, சண்டை. விட்டுட்டான், ஏசேக்குன்னு பேரு வச்சான். இன்னொண்ணு, அதுக்கும் சண்டை, சித்னா. மூணாவது தோண்டறான், யாரும் சண்டைக்கு வரல, ரெகொபோத். நான் 12-ம் வசனத்தோட நிறுத்திட்டேன். மண்வெட்டி வர்ற இடமெல்லாம் அதுக்குக் கீழ இருக்கு.

நல்லா கவனிச்சீங்கன்னா, அந்த மூணு கிணத்துக்கு நடுவுல கர்த்தர் பேசினதா ஒரு வரி கூட கிடையாது. முன்னாடி பேசறாரு, பின்னாடி பெயெர்செபாவுல பேசறாரு. நடுவுல எத விடறது, எங்க தோண்டறதுன்னு அவனேதான் பார்த்துக்கறான். இது எனக்குப் பெரிய விஷயமா பட்டுச்சு. ஒவ்வொரு கிணத்துக்கும் வானத்துல இருந்து குரல் வரணும்னு அவன் உக்காந்திருந்தா ஆடு மாடெல்லாம் தாகத்துலயே செத்திருக்கும்.

நம்ம ஊர்ல கடவுளோட 'அழைப்பு'ன்னு பிரசங்கம் பண்ணா, சி.எம்.சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா இல்லாம முடியாது. ராணிப்பேட்டையில 1870-ல பிறந்தவங்க. திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பேர் வந்து கதவத் தட்டறாங்க. மூணு வீட்லயும் பிரசவ வலி. "எங்கப்பா டாக்டர், அவரு வருவாரு"ன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. ஆம்பள டாக்டர் வேணாம்னு மூணு பேரும் திரும்பிப் போறாங்க. விடிஞ்சா மூணு தாயும் செத்துக் கிடக்கறாங்க. அழைப்பு வந்துச்சு, ஆமென், எல்லாரும் எழுந்து நில்லுங்க. பிரசங்கம் அங்கேயே முடிஞ்சிடும். அதுவும் 12-ம் வசனத்தோட நிறுத்தறதுதான்!

அதுக்கு மேல இருக்கறத யாரும் விரிவா சொல்றதில்ல. அமெரிக்கா போயி வருஷக்கணக்கா படிச்சு 1899-ல டாக்டரானாங்க. 1900-ல வேலூர்ல ஒத்தக் கட்டில் போட்டு ஆரம்பிச்சாங்க. 1902-ல 40 படுக்கையோட ஷெல் ஆஸ்பத்திரி. 1918-ல பொண்ணுங்களுக்கு மருத்துவப் பள்ளி. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதெல்லாம் தாண்டி வர்றது. 1930-கள் கடைசியில அரசாங்கம் அந்தச் சின்ன டிப்ளமோ படிப்பு இனிமே செல்லாதுன்னுடுச்சு. எம்.பி.பி.எஸ் நடத்தினாத்தான் உண்டு. அதுக்குப் பணம், கட்டடம், படுக்கை, பேராசிரியர்ங்க எல்லாம் வேணும். அந்தம்மாவுக்கு வயசு எழுபத நெருங்குது. பொண்ணுங்களுக்குன்னே ஆயுசெல்லாம் கட்டின பள்ளிக்கூடம். அது பிழைக்கணும்னா மத்த மிஷன்களும் கூட வரணும், ஆம்பளைங்களையும் சேர்க்கணும். அமெரிக்காவுல கூட நின்னு பணம் திரட்டிக் கொடுத்த சிநேகிதியே கூடாதுன்னு எதிர்த்தாங்க. அந்த ராத்திரி அழைப்புல இதுக்குப் பதில் இருந்திருக்குமா? இவங்கதான் உக்காந்து யோசிச்சு ஒத்துக்கிட்டாங்க. 1942-ல எம்.பி.பி.எஸ் வந்துச்சு, 1947-ல பசங்களும் சேர்ந்தாங்க. காந்தி ரோட்டுல இன்னைக்கு பெங்காலி போர்டு போட்ட லாட்ஜெல்லாம் பாக்கறீங்களே, சி.எம்.சி-க்கு வைத்தியத்துக்கு ராவு பகலா வர்ற அந்தக் கூட்டத்துக்குப் பின்னாடி அந்த முடிவும் இருக்கு.

சரி, எங்க கதைக்கு வர்றேன். மீதி ஒரு லட்சம் கையில இருந்துச்சு. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனி வேலை வந்துச்சு, இல்லன்னா செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கி வீட்லயே ஷூ மேல்பாகம் தைக்கற ஜாப் ஒர்க். இந்தத் தடவ விரல் வைக்கல. நைட்டு பத்து மணிக்கு மேல இதப் பத்திப் பேசக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டோம். வேதத்துல எலியா தீர்க்கதரிசி செத்தாப் போதும்னு படுத்தப்போ தேவதூதன் உபதேசம் பண்ணல, அடையும் தண்ணியும் வச்சிட்டு சாப்பிடுன்னான், மறுபடி தூங்கவிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தோணறது முக்கால்வாசி பசியும் தூக்கமும்தான்.

ஆலோசனை கேட்டோம். ஆனா அந்த முடிவுல ஒரு பைசா லாபம் வராதவங்க கிட்ட மட்டும். அத்தை கிட்ட, இவரு கூட வேலை பார்த்த ஒரு பாய் கிட்ட. பாய்தான் கேட்டாரு, "ஜோடிக்கு எவ்ளோ தருவாங்கன்னு கேட்டீங்க, எத்தன நாள் கழிச்சித் தருவாங்கன்னு கேட்டீங்களா?" நாங்க கேக்கல. போய்க் கேட்டா நாப்பத்தஞ்சு நாள். அப்ப நாப்பத்தஞ்சு நாளுக்கு நூல், பசை, கரண்ட் பில், வீட்டுச் சாப்பாடு எல்லாம் தனியா எடுத்து வச்சாத்தான் மெஷின் வாங்கலாம். கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செலவக் கணக்குப் பார்க்கமாட்டானான்னு இயேசு கேட்டத பைபிள்ல எத்தன தடவ படிச்சிருப்பேன்! அத எனக்கு நாப்பத்தஞ்சு நாளா மாத்திச் சொன்னது ஒரு பாய்.

மெஷின் வாங்கினோம். சூப்பரா போகுதுன்னு சொல்லமாட்டேன். சில மாசம் நல்லா இருக்கும், சில மாசம் இழுக்கும். ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு இன்னும் அவரு சில நாள் சொல்வாரு. இருக்கலாம். ஆனா இதுதான் தேவசித்தம்னு நாங்க யாருக்கும் சொல்லிக்கல. ஜெபம் பண்ணோம், கணக்குப் போட்டோம், தோண்ட ஆரம்பிச்சோம். அவ்வளவுதான்.

இந்த மணலப் பாருங்க. எங்க பாட்டி வீடு பள்ளிகொண்டா பக்கம். கோடையில இதே பாலாத்துல ஊத்து தோண்டுவாங்க. கையால மணலத் தள்ளித் தள்ளி, முழங்கை ஆழம் போனதும் ஈரம் வரும். முதல்ல ஊறற தண்ணி கலங்கல். பாட்டி அத கொட்டாங்குச்சியால மொண்டு வெளிய ஊத்திடுவாங்க. ரெண்டாவதையும் ஊத்திடுவாங்க. எனக்குத் தாகம் தாங்காது, கைய விடுவேன், கையில ஒரு அடி விழும். "இன்னாத்துக்கு அவசரம், தெளியட்டும் இரு." குடத்துக்குள்ள தண்ணி போறதுக்கு அர மணி நேரம் ஆகும். ஆனா கண்ணாடி மாதிரி இருக்கும்.

இன்னும் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சொல்ல வேணாம்னு அவரு சொன்னாரு, பரவால்ல.

வட்டி வந்த அந்த மூணு மாசத்துல, நான் சபையில சாட்சி சொன்னேன், கடவுள் எனக்கு நன்மை செஞ்சாருன்னு. முதல் எட்டாயிரம் வந்த ஞாயித்துக்கிழமையே. மைக் பிடிச்சு, நூறு மடங்கு வசனத்தோட. அதக் கேட்டுட்டு ஒரு அக்கா 50,000 போட்டாங்க. வீட்டுக்காரர் இல்லாதவங்க, இட்லி சுட்டு விக்கறவங்க. அவங்களுக்கு ரெண்டு மாசம் நாலாயிரம் வந்துச்சு. 42,000 போச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல அவங்க. "நீ இன்னா பண்ணுவ, நீயும்தானே போட்ட"ன்னாங்க. அந்தக் கம்பெனிக்காரன் ஏமாத்தினது அவன் பாவம். மைக் பிடிச்சது நான்.

அதனால மாசம் ஆயிரம் அவங்களுக்குக் கொடுத்துட்டு வர்றேன். முதல்ல வாங்கமாட்டேன்னாங்க, அப்புறம் வாங்கிக்கிட்டாங்க. 29 மாசம் ஆச்சு, இன்னைக்கு முப்பதாவது. இன்னேரம் முதல் ஈடு இட்லி எடுத்திருப்பாங்க. போனா ரெண்டு இட்லி தட்டுல வச்சிட்டுத்தான் பணக் கவர வாங்குவாங்க, சாப்பிடாம விடமாட்டாங்க. வெயில் ஏறுது, நான் கிளம்பறேன்.