4.30 மணி டெட்லைனும் ஒரு பாயிண்ட் வெற்றியும், 41 நாள் வீடியோ போடாத கதையும்

மக்களே வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கியளா? ரெக்கார்ட் ஆவுதா இது… ஆ, ஆவுது. பின்னால மழ சத்தம் கேக்கும், பொறுத்துக்கிடுங்க, ஐப்பசி மாசம் குலசேகரத்துல மழ நிக்கட்டும் அப்பறம் எடுப்போம்னு இருந்தா கார்த்திக பொறந்துரும், அதனால வழக்கமா இருக்க வராண்டாவ விட்டுட்டு உள்ள ரூம்ல வந்து இருக்கேன். கட்டன்சாயா ரெடி. சாயா இல்லாம நான் பேச்சு தொடங்க மாட்டேன்னு ஒங்களுக்கு தெரியும்லா.

சரி, 41 நாள். நான் வீடியோ போட்டு 41 நாள் ஆச்சு. திற்பரப்பு வீடியோ தான் கடைசி. ஏன் போடல, எங்க போனேன், எல்லாம் சொல்லுதேன், ஆனா அதுக்கு முன்னால போன சனிக்கிழம நடந்தத சொல்லிடுதேன், அத மனசுல வச்சுக்கிட்டு வேற ஒண்ணும் பேச என்னால முடியாது.

ஜெயிச்சாச்சு மக்களே! 61க்கு 60! குவைத்துல இருக்க எனக்க சித்தப்பா மவன், நம்ம தம்பி, அவன ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சாச்சு. பழைய ஆளுங்களுக்கு தெரியும், பேச்சிப்பாறை யுனைடெட் தான் எனக்க டீம், மூணு சீசனா ஃபேன்டஸி பிரீமியர் லீக்ல ஓடுது. புதுசா வந்தவங்களுக்கு சட்டுன்னு சொல்லுதேன். இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஃபுட்பால்ல நெசமா ஆடுற ஆளுங்கள வச்சு நாம போன் ஆப்புல ஒரு டீம் கட்டணும். 100 மில்லியன் பவுண்டு தருவாங்க, ஆப்புக்குள்ள உள்ள பணம் தான், அதுல 15 பேரு வாங்கணும், 2 கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வேர்ட். ஒரு கிளப்புல இருந்து 3 பேருக்கு மேல எடுக்கக் கூடாது. அவங்க நெசத்துல கோல் அடிச்சா நமக்கு பாயிண்ட், கேப்டன் போட்ட ஆளுக்கு டபுள். வாரத்துக்கு ஒருத்தர ஃப்ரீயா மாத்தலாம், அதுக்கு மேல மாத்துனா ஆளுக்கு 4 பாயிண்ட் போவும். எங்க குடும்ப லீக்ல பத்து பேரு, வாராவாரம் ரெண்டு ரெண்டு பேரா நேருக்கு நேர் மோதணும்.

இப்ப வெல விஷயம். இது தான் எனக்கு வல்லாத்த கடுப்பு. எங்கிட்ட ஒரு டிஃபெண்டர் இருந்தான், 5.0 மில்லியனுக்கு வாங்குனது, வெல ஏறி 5.3 ஆயிட்டு. அப்ப வித்தா எனக்கு 5.3 வரணுமா இல்லியா? வராது! லாபத்துல பாதி தான் நமக்கு, அதுலயும் பாதின்னா 0.15, அத கீழ தள்ளி 0.1 ஆக்கிருவாங்க. ஆக கையில 5.1. மிச்சம் வச்சிருந்தது 0.4. மொத்தம் 5.5. நான் எடுக்க நெனச்ச ஆளும் கரெக்டா 5.5 தான். வியாழக்கிழமையே எடுத்திருக்கலாம். ஆனா கோச்சுங்க பேசுற பிரஸ் மீட் வெள்ளிக்கிழம தான், யாருக்கு அடி பட்டிருக்கு யாரு ஆட மாட்டான்னு அதுல தான் தெரியும், அதுக்கு முன்னால அவசரப்பட்டு ஆள மாத்தி ரெண்டு தடவ கைய சுட்டிருக்கேன், அதனால பொறுத்தேன். சனிக்கிழம காலைல எழும்பி பாக்குதேன், அவன் 5.6. ஒருபாடு பேரு ஒரே நேரத்துல வாங்குனா வெல ஏறிரும். வெறும் 0.1, மக்களே! அந்த 0.1 இல்லாம நான் நிக்குதேன்.

அப்பா ரப்பர் ஷீட்டு வச்சிருப்பாரு, அடுப்படி மேல பொகையில போட்டு, அந்த ஷீட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தேன் மாதிரி தெரியும், பழைய வீடியோல காட்டிருக்கேன். வெல ஏறட்டும்னு நாள் கணக்கா காத்துட்டு இருந்து, சரி இன்னைக்கு குடுப்போம்னு கொண்டு போற அன்னைக்கு வெல எறங்கிரும். சின்ன பிள்ளைல நான் அப்பாட்ட சண்ட போடுவேன், நேத்தே குடுத்திருந்தா என்னன்னு. இப்ப தான் எனக்கு அது மனசிலாச்சு. நாளைக்கு என்னாவும்னு தெரியாம ஒரு முடிவ எடுக்கது லேசு இல்ல. அன்னைக்கு காலைல அப்பாட்ட போயி இத சொன்னேன். அப்பா கேட்டுட்டு, "அந்த ஆளுக்கு பதிலா வேற ஆளு கெடையாதா பிள்ளே, வெல கொறஞ்சது பாரு"ன்னாரு. அப்ப எனக்கு அது மண்டைல ஏறல.

வேலைக்கு போயிட்டேன். சனிக்கிழம எனக்கு மார்த்தாண்டத்துல லேப் அர நாள் தான். ஆள மாத்த டெட்லைன் மத்தியானம் மூணரை, அதுக்குள்ள வீட்டுக்கு வந்து நிதானமா மாத்தலாம்னு பஸ்சு ஏறுனா, நல்ல மழ, திருவட்டார் தாண்டி ரோட்டுல ஒரு மரம் சாஞ்சு கெடக்கு. பஸ்சு நிக்குது. போன்ல சார்ஜ் 9 சதவீதம். டவர் வருது போவுது, வருது போவுது. ஆப்பு சுத்திக்கிட்டே இருக்கு. மூணு இருவது. மூணு இருவத்தஞ்சு. மூணரை ஆச்சு. நான் போன பையில போட்டுட்டு சன்னல் ஷட்டர தொறந்து வெளிய பாத்துட்டு இருந்தேன், மழ மொகத்துல அடிக்குது, மூட எனக்கு தோணல. இந்த மூணு சீசன்ல நான் ஒரு டெட்லைன் கூட விட்டது கெடையாது. காய்ச்சல்ல கெடந்தப்ப கூட விடல. பாட்டி எறந்த வாரம் கூட, ராத்திரி எல்லாரும் தூங்கின பொறவு கேப்டன் மாத்திட்டு தான் படுத்தேன்.

வீட்டுக்கு வரும்போ மூணு அம்பது. துணி எல்லாம் நனஞ்சாச்சு. கரண்ட் இல்ல. சரி, பழைய டீம் தான் இந்த வாரம்னு நெனச்சு சும்மா ஆப்ப தொறந்தேன். ஆள மாத்துற டிரான்ஸ்பர் பக்கம் தொறந்து கெடக்கு! டெட்லைன் 4.30ன்னு போட்டிருக்கு!

இங்கிலாந்துல அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழம கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வைப்பாங்க, குளிர்கால நேரம். அது வரைக்கும் நமக்கும் அவங்களுக்கும் நாலர மணி நேர வித்தியாசம், அதுக்கப்பறம் அஞ்சரை. மொத மேட்ச் அவங்களுக்கு பன்னெண்டரை, அதுக்கு 90 நிமிஷம் முன்னால டெட்லைன், பதினொண்ணு. நமக்கு மூணரையா இருந்தது நாலரை ஆயிட்டு. போன வருஷமும் இப்படித்தான் நடந்திருக்கும், ஆனா மனசுல பதியல. இந்த தடவ பதிஞ்சாச்சு, இனி சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நாப்பது நிமிஷம் கையில. சார்ஜ் 6. ஈரத் துணியோட படியில இருந்து, அப்பா சொன்னத அப்ப தான் யோசிச்சேன். வெல கொறஞ்ச ஆளு. 4.9ல ஒருத்தன் இருந்தான், பெரிய கிளப் இல்ல, கோல் அடிக்க மாட்டான், ஆனா நாள் முழுக்க பந்த வெட்டி வெளிய அடிச்சிட்டே இருப்பான். எடுத்தேன். கன்ஃபர்ம். பச்ச கலர்ல சேவ் ஆயிட்டுன்னு வந்தத பாத்த பொறவு தான் துணி மாத்த போனேன்.

அவன் டீம் கோலே விடல. அறுவது நிமிஷத்துக்கு மேல ஆடுனா 2, கோல் விடாததுக்கு 4. அப்பறம், ஆ இத சொல்ல விட்டுட்டேன், 2025-26 சீசன்ல இருந்து புது ரூல் வந்திருக்கு, டிஃபெண்டர் ஒரு மேட்ச்ல கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள்னு பந்த தடுக்க வேல எல்லாம் சேத்து 10 செஞ்சா 2 பாயிண்ட் கூடுதல். அதுவும் கெடச்சுது. மொத்தம் 8! நான் எடுக்க நெனச்ச அந்த 5.6 ஆளு ரெண்டு கோல் விட்டு, மஞ்ச கார்டும் வாங்கி, சைபர். பேரு ரெண்டும் சொல்ல மாட்டேன். சைபர் ஆளுக்க கிளப்பு ஃபேன்ஸ் சண்டைக்கு வருவாங்க, போன தடவ வந்தாங்க. மத்தவன் பேர சொன்னா அவனுக்கும் வெல ஏறிரும். கேப்டன் எங்க ரெண்டு பேருக்கும் மான்செஸ்டர் சிட்டி ஹாலண்ட் தான், அதனால அதுல வித்தியாசமே இல்ல. வெறும் அந்த 4.9 டிஃபெண்டர வச்சு ஜெயிச்சேன். எனக்கு இந்த ரூல் ரொம்ப பிடிச்சிருக்கு மக்களே. கோல் அடிக்கவனுக்கு மட்டும் தான் எல்லாம்னு இருந்துச்சு, 2024-25ல லிவர்பூல் ஆளு முகமது சலா 344 பாயிண்ட் எடுத்து ரெக்கார்ட் போட்டாரு, 29 கோல், 18 அசிஸ்ட், அது வேற லெவல், அத நான் கொற சொல்லல. ஆனா பின்னால நின்னு பந்த வெட்டி அடிக்கவனும் வேல தான செய்யான்? அவனுக்கும் ஒரு கணக்கு வேணும்லா.

சாயா குடிச்சுக்கிடுதேன்… ஆறிட்டு, பரவால்ல.

அந்த 41 நாளுக்கு வருதேன். திற்பரப்பு வீடியோவுக்கு நான் அவ்வளவு பாடுபட்டேன், மூணு நாள் எடிட்டு, 212 பேரு தான் பாத்தாங்க. மனசு விட்டுப் போச்சு, உண்மைய சொல்லுதேன். யூடியூப்ல விளம்பர காசு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருஷத்துல 4000 மணி நேரமும் வேணும், நான் 870ல நிக்குதேன், தெனமும் காலைல எழும்பி அந்த நம்பர பாக்கது, ஒண்ணு கூடுனா சந்தோசம், ஒண்ணு கொறஞ்சா அன்னைக்கு முழுக்க ஒண்ணும் ஓடாது. அப்படியே ஒரு வாரம் விட்டேன், ரெண்டு வாரம் விட்டேன், பொறவு தொடங்கவே கை வரல. கேமராவ பாத்தாலே வேற பக்கம் திரும்பிருவேன்.

இதுக்கு நடுவுல ஒருத்தன் போன் பண்ணுனான், நீங்க ஃபேன்டஸி பத்தி பேசுவீங்கள்லா, எங்க ஆப்புக்கு ஒரு நிமிஷம் பேசுங்க, பைசா தாரோம்னு. காசு கட்டி ஆடுற ஆப்பு. எவ்வளவுன்னு கூட நான் கேக்கல. 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் பண விளையாட்ட தடை செஞ்சு மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தாச்சு, அதுக்கு விளம்பரம் செஞ்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம். நம்மள மாதிரி வீடியோ போடுற பிள்ளைங்க இத நல்லா தெரிஞ்சு வச்சுக்கிடணும். சட்டம் இல்லன்னாலும் நான் செய்ய மாட்டேன், எங்க ஊர்ல ரம்மில பணம் விட்ட வீடு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். அப்பாவும் மொதல்ல எனக்க ஆட்டத்தையும் அது மாதிரின்னு தான் நெனச்சாரு. இதுல அஞ்சு பைசா கட்டண்டாம், கெடைக்கவும் செய்யாது, ஒலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல ஆளுங்க சும்மா ஆடுறாங்கன்னு சொல்லி மனசிலாக்க ஒரு வருஷம் ஆச்சு. இப்ப பாருங்க, ஐடியாவே அவரு தான் தாராரு.

என்ன சொல்லிட்டு இருந்தேன்… ஆ, கை வரலன்னு. ஞாயித்துக்கிழம, ஜெயிச்ச மறுநாள், சந்தைக்கு போனேன். மரச்சீனி விக்க ஒரு அம்மா, தராசுல கெழங்க வச்சிட்டே என்னைய ஏற எறங்க பாக்காங்க. "நீ சாயா குடிச்சிட்டு பேசுற பிள்ள தானே? எங்க காணவே இல்ல? எனக்க மருமவ போன்ல தேடிப் பாத்தா, புதுசா ஒண்ணும் இல்லன்னுட்டா." நான் அப்படியே நின்னுட்டேன். ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு கெழங்கு கூட போட்டு தந்தாங்க. அந்த 212ல இவங்களும் ஒரு ஆளுன்னு நான் நெனச்சுப் பாத்ததே இல்ல. வீட்டுக்கு வரும்போ கண்ணு கலங்கிட்டு.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். காய்ச்சல்லயும் ஃபேன்டஸி டெட்லைன நான் விடல, நல்லா இருக்கும்போ வீடியோவ 41 நாள் விட்டிருக்கேன். ஏன்? அங்க நான் வரலன்னா ஒம்பது பேருக்கு தெரியும், தம்பி குவைத்துல இருந்து "எக்கா என்னாச்சு"ன்னு மெசேஜ் போடுவான். போன வாரம் 29 எடுத்தாலும் இந்த வாரம் ஆடித்தான் ஆவணும், 38 வாரம் ஓடும். வீடியோவுக்கு அப்படி ஒரு நேரமும் இல்ல, கேக்க ஆளும் இல்லன்னு நெனச்சேன். கேக்க ஆளு இருக்கு, சந்தையில இருக்கு. நேரம் தான் இல்ல. அதனால வச்சாச்சு: இனி பிரீமியர் லீக் டெட்லைன் எப்பவோ, அதுவே எனக்க வீடியோவுக்கும் டெட்லைன். சனிக்கிழம நாலரைன்னா நாலரை. வெள்ளிக்கிழம ராத்திரி மேட்ச் உள்ள வாரம் நமக்கு பன்னெண்டு மணி, அப்ப அது. எடிட்டு சரியில்லன்னாலும் போடுவேன். இப்ப ரெண்டு வாரம் நாட்டு டீம் மேட்சுக்காக லீக் லீவு, அந்த சனிக்கிழமையும் நாலரைக்கு வரும்.

இந்த 2025 டிசம்பர்ல வேற பெரிய வேல இருக்கு, 21ஆம் தேதி மொராக்கோல ஆப்பிரிக்கா கப் தொடங்குது, சலா எகிப்துக்கு ஆடப் போயிருவாரு, அதுக்காக 16ஆவது வாரத்துல எல்லாருக்கும் 5 ஃப்ரீ டிரான்ஸ்பர் தாராங்க. அத எப்படி செலவழிக்கதுன்னு தனியா ஒரு வீடியோ போடுதேன், சும்மா விடக் கூடிய விஷயம் இல்ல அது.

இன்னொண்ணு, இதயும் விட்டுட்டேன். அடுத்த வாரம் கடலோரத்துக்கு போறேன். காலேஜ்ல எங்கூட படிச்சவ தூத்தூர் பக்கம், அவ தான் எனக்கு ஃபுட்பால் பாக்க படிச்சு தந்தது, அங்க பிள்ளைங்க நடக்கதுக்கு முன்னால பந்த தட்டுவாங்க. பக்கத்துல இரவிபுத்தன்துறை தான் மைக்கேல் சூசைராஜ் ஊரு, 2019-20ல கொல்கத்தா டீம் ஏடிகே, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கப் அடிச்சப்ப அந்த டீம்ல இருந்தவரு. இங்கிலாந்து டிஃபெண்டருக்க கிளியரன்ஸ் கணக்கு எல்லாம் எனக்கு தெரியும், நம்ம கடற்கரைல ஆடுற பிள்ளைங்கள நான் இன்னும் ஒரு வீடியோ கூட எடுக்கல. மழ விட்டா கிரவுண்டுல எடுப்பேன், விடலன்னா அவ வீட்டுத் திண்ணைல இருந்து மீன் கறியும் மரச்சீனியும் தின்னுட்டே பேசுவோம்.

கரண்ட் போவப் போவுது போல இருக்கு, லைட்டு மினுங்குது. தம்பி, நீ இத பாத்துட்டு இருப்பன்னு தெரியும், 61க்கு 60. சனிக்கிழம நாலரைக்கு பாப்போம் மக்களே.