துறைமுகம் வேணுமா வேண்டாமா? அதை விட்டுவிட்டு ஓகி புயலைப் பற்றிப் பேசினோம்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு சாயாக்கடை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னாடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டேதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த இடம் என்றால், இங்கே தெற்கே இருந்து மீன் வரும், வடக்கே இருந்து வாழைத்தாரும் மரச்சீனிக் கிழங்கும் வரும். கடற்கரைக்காரரும் மலையோரத்துக்காரரும் ஒரே கடையில்தான் சாயா குடிக்கிறார்கள். ஆனால் துறைமுகம் என்று ஒரு பேச்சை எடுத்துப் பாருங்கள், கடை ரெண்டாகப் பிரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலையில் நம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிற இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்கள் கொந்தளித்தன. அப்புறம் இடத்தை மாற்றி, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிற கோவளம், மணக்குடி பக்கம் என்றார்கள். அங்கேயும் எதிர்ப்பு. உள்நாட்டு ஊர்களில் நிறைய பேர், 'வேலை வரும்னா வரட்டுமே' என்றார்கள்.

இதோடு மதமும் கட்சியும் வந்து ஒட்டிக்கொண்டன. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கிறிஸ்தவர்கள் 46 சதவீதத்துக்கு மேல், முஸ்லிம்கள் 4 சதவீதம். யாருக்கும் பாதி கூட இல்லை. அதனால் இங்கே எல்லாருக்குமே, 'நம்ம ஆளுகளைத்தான் ஒதுக்குறானுவ' என்று ஒரு பயம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பயத்தோடு பேச உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே சண்டைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இதே கடையில் ரெண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருத்தர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற பெரியவர். இன்னொருத்தர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிற இளைஞர். 'வளர்ச்சி வேண்டாம்னு சொல்லுகவன்', 'எங்க கடலை வித்துத் திங்கப் பாக்கிறவன்' என்கிற அளவுக்குப் போய்விட்டது. ரெண்டு பேரையும் எனக்குப் பழக்கம் என்பதால் நடுவில் புகுந்து, துறைமுகத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்று கேட்டேன்: 'ஓகி அடிச்ச அன்னைக்கு எங்க இருந்திய?'

2017 நவம்பர் 30. நம் மாவட்டத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். பெரியவர் முதலில் ஆரம்பித்தார். விடியும்போது பார்த்தால் வெட்டுக்கு நின்ற மரம் பாதி சாய்ந்து கிடக்கிறது. ரப்பர் நட்டால் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். 'அந்த ஏழு வருஷம் வீட்டுல என்னத்த திங்க? அதான் மவன் கல்ஃபுக்குப் போனான், இன்னும் அங்கதான் கிடக்கான்.' அவருக்குத் துறைமுகம் என்றால் மகன் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒரு வேலை. அவ்வளவுதான். கப்பலும் பெட்டகமும் அவர் கணக்கிலேயே இல்லை.

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவருடைய மச்சான் ஆழ்கடலில் இருந்தபோது புயல் வந்ததைச் சொன்னார். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் ஊரோடு உட்கார்ந்ததைச் சொன்னார். 'அன்னைக்கு எங்களைத் தேடவே இவ்வளவு கெஞ்ச வேண்டியிருந்தது. நாளைக்குக் கரையை எடுத்துக்கிட்டா யாருட்ட போய்க் கெஞ்ச?' என்றார். அவர் எதிர்ப்பது கான்கிரீட்டை மட்டும் இல்லை. கொடுக்கிற வாக்கை நம்ப முடியவில்லை என்பதுதான் அவருடைய அடிப்படைப் புகார்.

ரெண்டு பேரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுந்து போகும்போது பெரியவர் கேட்டார்: 'அது வந்தா உங்க வள்ளத்தை எல்லாம் எங்க மக்கா ஏத்துவிய?' அதுவரை அவர் அந்த ஆளிடம் கேள்வியே கேட்டதில்லை, திட்டியதுதான்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்காவில் டேவிட் புரூக்மேன், ஜோஷ்வா கல்லா என்று ரெண்டு ஆய்வாளர்கள். திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றி மியாமியில் வீடு வீடாகப் போய் பத்து நிமிஷம் பேசியதன் விளைவை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் மாற்றம் நின்றது. பிற்பாடு இன்னொரு ஆய்வில், தீர்ப்புச் சொல்லாமல் ரெண்டு பக்கமும் சொந்தக் கதையைச் சொல்லிக் கேட்பதுதான் வேலை செய்கிறது, வெறும் வாதம் மட்டும் வைத்தால் பலன் தெரியவில்லை என்று கண்டார்கள். அதனால் வாட்ஸாப் குரூப்பில் புள்ளிவிவரத்தை வீசிக்கொண்டிருக்கிற அண்ணன்மார்களே, எதிர்ப் பக்கம் இருக்கிற ஆளுக்கு ஒரு போன் போட்டுப் பேசிப் பாருங்கள்.

ஆனால் இதோடு விட்டால் ரொம்ப இனிப்பாக இருக்கும். சாயாக்கடை சிநேகம் நல்ல நாளைக்குத்தான் ஆகும். அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே இந்து-முஸ்லிம் கலவரம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார். கலவரம் கண்ட உத்தரப் பிரதேசத்து அலிகருக்கு எதிரே அவர் வைத்தது, அமைதியாக இருந்த நம் பக்கத்து மாநிலக் கோழிக்கோடு. அக்கம்பக்கத்துப் பழக்கம் நல்லதுதான், ஆனால் பெரிய வதந்தி வரும்போது தாங்குவது ரெண்டு மதத்தாரும் சேர்ந்து நடத்துகிற வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசக சாலை மாதிரியான அமைப்புகள் என்றார்.

அதைப் படித்ததும் எனக்கு நம் மாவட்டத்து மண்டைக்காடு கலவரம்தான் ஞாபகம் வந்தது. 1982 மார்ச், அங்கே அம்மன் கோயில் மாசிக் கொடை நேரம். ஒரே கடற்கரையில் குளிக்க வந்த இந்து பக்தர்களும் அங்கேயே வாழ்கிற கிறிஸ்தவ மீனவர்களும் என்று ஆரம்பித்த தகராறு, துப்பாக்கிச்சூடு, பல ஊர்களுக்குப் பரவிய கலவரம். நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து ரெண்டு பக்கமும் சமாதானத்துக்கு அலைந்தார். கவனியுங்கள், முன்னே பின்னே தெரியாதவர்கள் மோதிக்கொண்டது இல்லை அது. மீன் வாங்கியவரும் விற்றவரும்தான்.

என் அபிப்பிராயம், நம் ஊரில் சங்கத்துக்குக் குறைச்சலே இல்லை, ஆனால் பெரும்பாலும் கோயில் கமிட்டி ஒரு பக்கம், பங்குப்பேரவை ஒரு பக்கம், ஜமாஅத் ஒரு பக்கம். ரப்பர்காரரும் வள்ளக்காரரும் ஒரே மேசையில் கணக்குப் பார்க்கிற இடம் எத்தனை இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் வரவில்லை.

இன்னொன்று. 'பேசித் தீர்த்துக்கலாம்' என்பதை மேலே இருக்கிறவர் சொன்னால் கீழே இருக்கிறவருக்கு அது மிரட்டலாகக் கேட்கும். இந்த மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. சாமித்தோப்பில் சமத்துவம் பேசிய அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணறு வைத்து, எல்லாச் சாதிக்காரரையும் ஒரே கிணற்றுத் தண்ணீரை எடுக்க வைத்தார். முதலில் சமமாக உட்கார இடம் கொடுக்க வேண்டும், பேச்சு அப்புறம். அதேபோல, வெட்டுவேன் குத்துவேன் என்கிறவனிடமும் பொய் வதந்தி பரப்புகிறவனிடமும் ஓகி கதை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அது போலீஸ் வேலை.

அடுத்த வீடியோவுக்கு 1982ஐ நேரில் பார்த்தவர்களைத் தேடுகிறேன். ரெண்டு பக்கத்தவரும் வேண்டும். பெயரும் முகமும் வெளியே வராது, வீட்டுக்கே வந்து கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டிக்குச் சம்மதம் என்றால் மட்டும் சொல்லுங்கள்.