கேட்டது 76,000 டாலர், செலவானது 1.8 கோடி: அமெரிக்க சைபர் பாதுகாப்பு மானியத்தின் கதை

வணக்கம். 2019 மே 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் மாநகராட்சிக் கணினிகளைப் பூட்டிய இணையக் கொள்ளையர்கள், அவற்றைத் திறந்துவிட 13 பிட்காயின், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 76,000 டாலர் கேட்டார்கள். நகர நிர்வாகம் மறுத்துவிட்டது. அதன்பின் வீடு வாங்கியவர்களால் கிரயத்தை முடிக்க முடியவில்லை, குடிநீர்க் கட்டண ரசீதுகள் வாரக்கணக்கில் போகவில்லை, ஊழியர்களின் மின்னஞ்சல் முடங்கியது. வருவாய் இழப்பும் சீரமைப்புச் செலவும் சேர்ந்து சுமார் 1.8 கோடி டாலர் ஆகும் என்று நகர நிர்வாகமே மதிப்பிட்டது.

பேசாமல் கேட்டதைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று கமெண்டில் எழுதக் கை துறுதுறுக்கும், சற்றுப் பொறுங்கள். அடுத்த மாதமே, சுமார் 35,000 பேர் வாழும் புளோரிடாவின் ரிவியரா பீச் நகரம் 65 பிட்காயின், ஏறத்தாழ 6 லட்சம் டாலர், கொடுக்க ஒப்புக்கொண்டது. கொடுப்பவர்கள் இருக்கும்வரை கேட்பவர்களும் இருப்பார்கள் என்பதால், பால்டிமோர் செய்ததே சரி என்பது என் கருத்து.

இப்போது, இப்படிப்பட்ட தாக்குதல்களைத் தடுக்க வந்த மானியத்தின் பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட உள்கட்டமைப்புச் சட்டம், மாநில, உள்ளாட்சி சைபர் பாதுகாப்புக்கென 4 ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. தொழில்நுட்ப வழிகாட்டுதல் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவிடம். பணத்தைப் பட்டுவாடா செய்வது, புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிவாரணம் வழங்கும் அதே ஃபீமா.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பணம் மாநிலத் தலைநகரிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக, மாநிலத்துக்கு வரும் தொகையில் குறைந்தது 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும், மொத்தத்தில் 25 சதவீதமாவது 50,000 பேருக்குக் குறைவானவர்கள் வாழும் ஊரகப் பகுதிகளை அடைய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அது காசோலையாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. கணினி தெரிந்த ஒரே ஊழியரும் அரை நாள் மட்டுமே வரும் ஊருக்குப் பணத்தைக் கொடுத்தால், டெண்டர் விடவே ஆள் இருக்காது. ஆகவே அந்த ஊரின் சம்மதத்தோடு, மாநிலமே இருபடி உள்நுழைவுச் சரிபார்ப்பையோ, தாக்குதலைக் கண்காணிக்கும் மென்பொருளையோ மொத்தமாக வாங்கிச் சேவையாக வழங்கலாம். பந்தி போட்டுப் பரிமாறுவதைப் போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசியை அளந்து கொடுத்து அவரவர் சமைத்துக்கொள்ளச் சொல்வதைவிடப் புத்திசாலித்தனமானது.

சிக்கல் பங்குத்தொகையில் இருக்கிறது. திட்டச் செலவில் மாநிலமோ உள்ளாட்சியோ ஏற்க வேண்டிய பங்கு 2022 நிதியாண்டில் 10 சதவீதம், பிறகு 20, 30, கடைசியாக 2025இல் 40. ஒரு லட்சம் டாலர் வேலைக்கு முதலாண்டில் 10,000 எடுத்து வைத்த ஊர், நான்காம் ஆண்டில் அதே வேலைக்கு 40,000 எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஒதுக்கீடோ 20 கோடி, 40 கோடி, 30 கோடி என்று போய், கடைசி ஆண்டில் 10 கோடியாகச் சுருங்கியது. பழக்கப்படுத்திவிட்டுச் செலவை மாநிலங்களின் தலையில் மெல்ல இறக்குவதே நோக்கம் என்றாலும், மென்பொருள் உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் வரும் செலவு என்பதால், முதலில் கழன்றுகொள்ளக்கூடியவை சின்ன ஊர்கள்தான் என்று நினைக்கிறேன். ஊழியர் உழைப்பையும் பங்காகக் கணக்குக் காட்டலாம் என்பது சிறு ஆறுதல்.

இந்த மானியத்தில் இணையக் கொள்ளையர்கள் கேட்கும் பிணைத்தொகையைக் கட்டக் கூடாது. சைபர் காப்பீட்டுப் பிரீமியமும் செலுத்தக் கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலாண்டில் விண்ணப்பிக்காத இரண்டு மாநிலங்களில் ஒன்று தெற்கு டகோட்டா. அப்போது அதன் ஆளுநராக இருந்த கிறிஸ்டி நோயம், 2025 ஜனவரியில், சிசாவும் ஃபீமாவும் அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கே செயலர் ஆனார். அந்த 40 சதவீதப் பங்கு நியாயமா, இல்லையா என்பதைக் கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள்.