கரும்பலகை இருந்த சிறை

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் தேக்காவில் ஓர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "சட்டம் படிக்கிற பிள்ளைகளை எதுக்குத் தம்பி கம்போடியாவுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? புத்தகத்தில் இல்லாததா?" அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதிலே இன்றைய பேச்சு.

கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்று ஓர் இடம். முன்பு அது பள்ளிக்கூடம். எழுபதுகளில் நாட்டைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் எஸ்-21 என்ற சிறையாகிவிட்டது. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்துக் கொட்டடிகள் ஆக்கினார்கள். கரும்பலகை மட்டும் சில அறைகளில் அப்படியே இருக்கிறது. குறைந்தது 12,272 பேர் அங்கே பலியானதாக நீதிமன்றம் கணக்கிட்டது. அவர்களின் முகங்கள் படங்களாக வரிசை வரிசையாக நிற்கின்றன. குழந்தைகளும் உண்டு. வெளியே வந்த பிறகும் எங்கள் பிள்ளைகள் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு விடுதியில் தீர்ப்பைப் படித்தோம். சிறைத் தலைவன் டொய்க்குக்கு 2010ல், ஐ.நா. துணையோடு அமைந்த நீதிமன்றம் 35 ஆண்டு விதித்தது. அதில் 5 ஆண்டைக் குறைத்தது. ஏன் தெரியுமா? விசாரணைக்கு முன் ராணுவ நீதிமன்றம் அவனைப் பல ஆண்டுகள் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தது. அதற்கான பரிகாரம் அது. ஏற்கெனவே சிறையில் இருந்த 11 ஆண்டும் போக, மிச்சம் 19.

எங்களோடு வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி கொதித்துப்போனாள். "இத்தனை பேரைக் கொன்னவனுக்குத் தள்ளுபடியா சார்?" இன்னொரு பையன், "அவனுக்கு இல்லாத உரிமை நாளைக்கு நமக்கு மட்டும் எப்படி இருக்கும்?" என்றான். நள்ளிரவு தாண்டியும் சண்டை ஓயவில்லை.

2012ல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்து, அந்தப் பரிகாரத்தையும் ரத்து செய்தார்கள். இரண்டு நீதிபதிகள் மட்டும் உடன்படவில்லை. அவர்களில் ஒருவர் இலங்கைக்காரர். பரிகாரம் தந்தே ஆக வேண்டும் என்றார்கள். நான் அந்த இருவர் பக்கம். தப்பிப் பிழைத்தவர்களின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்றால், அது வேறு கேள்வி.

மறுநாள் காலை அந்தப் பெண் மறுபடி துவோல் ஸ்லெங் போகணும் என்றாள். போனோம். படங்களின் முன் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் கேட்டாள்: "இவங்கள்ல ஒருத்தருக்காவது வக்கீல் இருந்தாரா சார்?"

இல்லை என்றேன்.

"அப்போ அந்த அஞ்சு வருஷத்தைப் பத்தி நான் இன்னொரு தடவை யோசிக்கணும்."