தாலி கட்டும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் நம்ம பக்கத்து ஆட்கள் மும்பையில் இருந்தாலும் திருவனந்தபுரத்தில் இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள். சின்ன வயதில் மனசு கொடுத்துப் பிரிந்தவர்கள் வருசத்துக்கு ஒருமுறை முகம் பார்த்துக்கொள்வது இப்படித்தான். பத்தாவது முடித்ததும் பையன் வெளியூர்க் கடை வேலைக்குப் போயிருப்பான். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வீட்டில் வேறு இடம் பார்த்து முடித்திருப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல், ஒருவர் துணையை இழந்தும் இன்னொருவர் துணையைப் பிரிந்தும் நிற்கையில் மறுபடி பேச்சு தொடங்கும். இத்தனை வருசம் கழித்துச் சேர்கிறவர்கள் நிம்மதியாக வாழ வேண்டும். அதற்குக் காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் பழைய கல்யாணம். "அத்து விட்டாச்சு" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கி வைத்திருப்பார்கள். அதை நம்பி அடுத்த தாலி கட்டாதீர்கள். சில சமூகங்களின் வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது லேசில் ஆகாது. நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. "அவர் போய் ஏழு வருசம் ஆச்சு, தகவலே இல்லை" என்பார்கள். ஏழு வருசம் போனதால் கல்யாணம் தானாக முறிந்துவிடாது. விவாகரத்து மனுப் போட அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

கணவன் மனைவி இருவரும் விவாகரத்துக்கு ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் சேர்ந்து மனுச் செய்யலாம். அதற்கு முன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த வழக்கில் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிமன்றம் விலக்களிக்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்த மறுநாளே முகூர்த்தம் குறிக்க வேண்டாம். மேல்முறையீட்டுக் காலம் கழியட்டும், 90 நாள் பொறுப்பது பத்திரம். தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் போதும், ஆனால் அதில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் மாறியிருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து எந்தச் சட்டம் என்பது. மதம் வேறென்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவரின் நிரந்தர முகவரி மும்பை என்றால் அங்கேயும் அறிவிப்பு ஒட்டுவார்கள், அதனால் நெருங்கிய சொந்தங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சாதி வேறு, பெற்றவர்களுக்குச் சம்மதமில்லை என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபணை ஆகாது.

அத்தை மகன், மாமன் மகள் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகாதீர்கள். நம் ஊரில் உரிமையுள்ள முறை, அதன் அட்டவணையில் விலக்கப்பட்ட உறவு. இந்து திருமணச் சட்டமோ வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது. அதில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவுப்படி புரோகிதர் தேவையில்லை. நாலு பேர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் அது கல்யாணம்தான். 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு.

கணவரை இழந்த பெண்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். விதவை உதவித்தொகை மறுமணத்தோடு நின்றுவிடும், அதை மறைத்து வாங்காதீர்கள். ஆனால் "கல்யாணம் பண்ணினால் முதல் புருசன் சொத்து போயிரும்" என்று மிரட்டுவது வேறு விஷயம். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாயார் ஆளுக்கொரு பங்கு. உங்களுக்கு வந்துசேர்ந்த பங்கு மறுமணத்தால் போகாது, பிள்ளைகளின் பங்கும் போகாது. யார் வந்து நயந்து பேசினாலும், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.